கதவை உடைக்கிறவரிட்டக் கேளுங்கோ

தீயணைப்பு எண்டதும் எங்களுக்கு ஞாபகம் வாறது சிவப்பு வாகனமும் தண்ணிக்குழாயும்தான். ஆனால் தண்ணி உள்ளுக்குப் போகமுதல் ஆள் உள்ளுக்குப் போகவேணும். கதவு பூட்டிக் கிடந்தால் குழாயை வைச்சு என்ன செய்யிறது?

அதுக்கெண்டே ஒரு இரும்பு இருக்கு. பேர் ஹாலிகன் பார். நியூயோர்க் தீயணைப்புத் திணைக்களத்தில உயர் அதிகாரியாய் இருந்த ஹியூ ஹாலிகன் 1948 இல் வடிவமைச்சது. பார்த்தால் எங்கட அலவாங்கின்ர ஒண்டுவிட்ட தம்பி மாதிரி: ஏறக்குறைய 30 அங்குல நீளம், 4 கிலோ அளவில பாரம். ஒரு நுனியில ரெண்டாய்ப் பிரிஞ்ச கவை. மற்ற நுனியில தட்டையான ஆப்பு அலகு ஒண்டு, அதுக்குக் குறுக்கே ஒரு கூர் முள். ஒருவர் கதவுக்கும் நிலைக்கும் இடையில கவையை வைச்சுப் பிடிப்பார். மற்றவர் கோடாலியின்ர தட்டைப் பக்கத்தால அதை அடிச்சு இறக்குவார். போதுமான ஆழத்துக்குப் போனதும் நெம்பினால் பூட்டு விட்டுக்கொடுக்கும். ஆமைப்பூட்டு எண்டால் அதின்ர வளையத்துக்குள்ள முள்ளை விட்டு அடிக்கிறது.

இதுக்கு முதல் அங்க இருந்தது க்ளோ டூல். வங்கியொண்டை உடைக்கப் போன கள்ளர் தீ வைச்சிட்டு விட்டுப்போன கருவியைப் பார்த்துச் செய்தது எண்டு ஒரு கதை உண்டு. (கள்ளனுக்கும் தீயணைப்பு வீரருக்கும் பிரச்சினை ஒண்டுதானே!) பிறகு ஒரு கப்டன் செய்த கெல்லி டூல் வந்தது. முதலாவதை நேராய் அடிச்சு இறக்கிறது கஷ்டம். ரெண்டாவது பாரம், அதோட துண்டுகளைச் சேர்த்துச் செய்தது. இந்தக் குறையளை எல்லாம் வைச்சுத்தான் ஹாலிகன் தன்ர இரும்பை ஒரே துண்டாய் யோசிச்சார்.

என்னை நிற்பாட்டினது இதுக்குப் பிறகு நடந்ததுதான். நியூயோர்க் திணைக்களம் அதை வாங்கேல்லை. சொந்த அதிகாரியின்ர கண்டுபிடிப்பைக் காசு குடுத்து வாங்கினால் நலன் முரண்பாடு வந்திடும் எண்டு ஒதுங்கிட்டுது. முதல் பெரிய வாடிக்கையாளர் பொஸ்டன் நகரம். நியூயோர்க் வீரர்கள் தங்கட சம்பளக் காசில வாங்கிச்சினம்.

விதி பிழை எண்டு நான் சொல்லமாட்டன். அதிகாரிமாரிட்டயே திணைக்களம் சாமான் வாங்கினால் என்ன நடக்கும் எண்டு எங்கட நாட்டில ஆருக்கும் பாடம் எடுக்கத் தேவையில்லை. ஆனால் அந்த நேர்மைக்கான பில்லைக் கட்டினது அலுவலகத்தில இருந்தவர் இல்லை, நெருப்புக்குள்ள போறவர். இதை நான் சின்ன விசயமாய் எடுக்கேல்லை.

கருவி கைக்கு வந்த பிறகும் வேலை முடியிறதில்லை. இடுக்கமான கதவுக்குள்ள போகாத கவையை வீரர்கள் அரத்தால ராவி மெல்லிசாக்குவினம். புகைக்குள்ள எவ்வளவு ஆழம் போயிருக்கு எண்டு தெரிய அலகில கோடு வெட்டுவினம். நனைஞ்ச கையுறை வழுக்காமல் பிடியில கயிறோ டேப்போ சுத்துவினம். கோடாலியும் பாரும் ஒண்டுக்குள்ள ஒண்டு செருகிக்கொண்டு ஒரு கையில வர, விளிம்பைத் தேய்ச்சு எடுப்பினம். இப்படியான சில மாற்றங்களோடயே இப்ப தொழிற்சாலையில இருந்து புது மொடல் வருது. அரம் பிடிச்சவரின்ர பேர் அதில இராது.

கலைப்பீடத்துப் பிள்ளைக்கு ஏன் இந்த இரும்புக்கதை எண்டு கேப்பியள். “அறிவு ஆருடையது” எண்டு வகுப்பில மணிக்கணக்காய்க் கதைக்கிறம். அரத்தால ராவின அந்தக் கவையும் அறிவுதான், அதைப் பற்றி ஆரும் ஒப்படை எழுதிறதில்லை.

அதுக்காக ஆரும் எப்படியும் வெட்டி ஒட்டலாம் எண்டில்லை. கிரைண்டரில நீலம் பாரிக்கும் வரை தேய்ச்சால் உருக்கின்ர பதம் போயிடும். கண்டபடி வெல்டிங் செய்தாலும் அதே கதி. அடி விழேக்க நுனி வளையும், இல்லாட்டில் தெறிக்கும். தெறிச்சால் அது போறது பிடிச்சுக்கொண்டு நிக்கிறவரின்ர முகத்துக்கு. அரம் மெதுவாய் வேலை செய்யும், ஆனால் சூடேத்தாது. பழைய ஆக்கள் அரத்தையே சொல்லுறதுக்குக் காரணம் அதுதான். அளவு தெரியாமல் ராவினால் அரமும் கவையைப் பலவீனமாக்கும் எண்டதையும் சொல்லவேணும்.

ஆனபடியால் “கருவியில கை வைக்காதே” எண்டு ஒரேயடியாய்த் தடை போடுற நிர்வாகத்தோடயும் எனக்கு உடன்பாடில்லை. தடை போட்டால் வீரர் ஒளிச்சுச் செய்வார், அந்த மாற்றம் பாதுகாப்பானதோ எண்டு பார்க்க ஆளிராது. உருக்கு வேலை தெரிஞ்ச ஒருவரைப் பக்கத்தில வைச்சுக்கொண்டு, பட்டறையில, வெளிச்சத்தில செய்யவிடுங்கோ. அடுத்தமுறை கருவி வாங்கக் கேள்விமனு எழுதேக்க, கனகாலம் பாவிச்சு, ராவி, கயிறு சுத்தின ஒரு பாரை மேசையில வைச்சிட்டு எழுதுங்கோ. அதைத் தூக்கினவரையும் பக்கத்தில இருத்துங்கோ, செலவைத் திணைக்களத்தின்ர கணக்கில போடுங்கோ.