வலக்கை கொடுப்பது யாருக்குத் தெரியக் கூடாது?

மழைக்காலம் வந்துவிட்டால் செம்பரம்பாக்கத்துக்காரர்களுக்கு ஓர் எண் மனப்பாடம்: 24 அடி. ஏரியின் முழு உயரம் அது. இன்று எத்தனை அடி இருக்கிறது, வரத்து எத்தனை கன அடி, வெளியேற்றம் எத்தனை கன அடி என்று நாளிதழ் சொல்லிவிடும். 2015 டிசம்பர் முதல் நாளன்று விநாடிக்கு 29,000 கன அடி வரை அடையாற்றில் திறந்துவிடப்பட்டது. அன்றிலிருந்து பல மாதங்கள் நாம் கேட்டது ஒரே கேள்விதான். யார் திறக்கச் சொன்னார்கள், எப்போது சொன்னார்கள்? அதைக் கேட்பதற்கு நமக்கு உரிமை உண்டா என்று எவரும் திருப்பிக் கேட்கவில்லை.

ஏரியைத் தாண்டிப் பெங்களூர் நெடுஞ்சாலையில் போனால் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், அங்கிருந்து ஒரகடம். காரும் கைப்பேசியும் கண்ணாடியும் டயரும் செய்யும் ஆலைகள் வரிசையாக நிற்கின்றன. நம் பங்குகளில் பாதி வீடுகளுக்கு அங்கிருந்துதான் சம்பளம் வருகிறது. அங்கே நிலம் என்ன விலைக்குப் போகிறது, வரிச்சலுகை எத்தனை ஆண்டுக்கு, ஒப்பந்தத் தொழிலாளிக்கு என்ன விதி என்பதையெல்லாம் முடிவு செய்பவர்கள் நாம் வாக்களித்து அனுப்பியவர்கள். அவர்களுடைய கட்சிகளுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்ற வரத்துக் கணக்கின் பெரும்பகுதி மட்டும் ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் நம் கண்ணில் படவே இல்லை.

தேர்தல் பத்திரங்களைப் பற்றித்தான் சொல்கிறேன். இளையோர் கூட்டம் ஒன்றில் இதைப் பேசியபோது, ஒரு தம்பி எழுந்து கேட்டார்: "ஃபாதர், வலக்கை கொடுப்பது இடக்கைக்குத் தெரியக் கூடாது என்றுதானே ஆண்டவர் சொல்லியிருக்கிறார்? அப்படியானால் ரகசியமாகக் கொடுத்தது நல்லதுதானே?" கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. ஆனால் கேள்வி சிரித்துத் தள்ளக்கூடியது அல்ல. அன்று நான் அரைகுறையாகச் சொன்ன பதிலை இங்கே கொஞ்சம் நிதானமாக எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் அந்தத் திட்டம் எப்படி நடந்தது என்று பார்ப்போம். 2017-ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தின் வழியாக வந்து, 2018 ஜனவரி 2 அன்று அறிவிக்கையாக வெளியான திட்டம் அது. பாரத ஸ்டேட் வங்கியில் மட்டுமே பத்திரம் வாங்க முடியும். மதிப்பு 1,000 ரூபாயிலிருந்து 1 கோடி ரூபாய் வரை. வாங்கியவர் 15 நாட்களுக்குள் தமக்கு விருப்பமான கட்சியிடம் சேர்க்க வேண்டும். பத்திரத்தில் பெயர் இருக்காது. கொடுத்தவர் யார் என்று தேர்தல் ஆணையத்திடம் கட்சி சொல்ல வேண்டியதில்லை. எந்தக் கட்சிக்குக் கொடுத்தோம் என்று நிறுவனமும் தன் கணக்கில் காட்ட வேண்டியதில்லை. அதோடு நிற்கவில்லை. ஒரு நிறுவனம் தன் மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 7.5 விழுக்காட்டுக்கு மேல் கட்சிகளுக்குக் கொடுக்கக் கூடாது என்றிருந்த வரம்பும் எடுக்கப்பட்டது. நட்டத்தில் ஓடும் நிறுவனம்கூட எத்தனை கோடி வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்றாயிற்று. ரிசர்வ் வங்கியும் தேர்தல் ஆணையமும் தொடக்கத்திலேயே ஆட்சேபம் தெரிவித்தன, கேட்பாரில்லை.

அரசு சொன்ன காரணத்தையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். மூட்டையில் போகும் கறுப்புப் பணம் வங்கி வழியாக வரட்டும். ஒரு கட்சிக்குக் கொடுத்தவரை மற்றக் கட்சி ஆட்சிக்கு வந்து பழிவாங்காமல் இருக்கப் பெயர் மறைவாக இருக்கட்டும் என்றார்கள். இந்த அச்சம் பொய்யல்ல. நம் ஊரில் சின்னக் கடை வைத்திருப்பவருக்கும் அது உண்டு. ஆனால் விற்ற பத்திரங்களின் மதிப்பில் 90 விழுக்காட்டுக்கு மேல் 1 கோடி ரூபாய்ப் பத்திரங்கள். கடைக்காரர் வாங்கியவை அல்ல அவை.

இனி, மறைத்தது யாரிடமிருந்து? வாங்கியவருக்குத் தெரியும். பத்திரத்தைக் கையில் கொடுத்ததால் கட்சிக்கும் தெரியும், அல்லது அது தெரிந்துகொள்ள ஒரு தொலைபேசி போதும். புற ஊதா ஒளியில் மட்டும் புலப்படும் எண் ஒன்று ஒவ்வொரு பத்திரத்திலும் இருந்தது. அரசு வங்கியிடம் வாங்கியவர் விவரம் இருந்தது. ஆக, தெரியாதவர் ஒருவரே: வாக்காளர். மலைப்பொழிவில் சொல்லப்பட்ட மறைவான தர்மம் இதற்கு நேர்மாறானது. அங்கே வாங்குகிறவர் ஏழை. திருப்பித் தர அவரிடம் ஒன்றுமில்லை. அவருடைய மானம் காக்கவும், கொடுத்தவர் பெருமை தேடாதிருக்கவும் அந்த மறைவு. இங்கே வாங்குகிறவரிடம் நிலமும் உரிமமும் ஒப்பந்தமும் இருக்கின்றன. திருப்பித் தரக்கூடியவருக்கு விருந்து வைப்பதைப் பற்றியும் ஆண்டவர் பேசியிருக்கிறார் என்பதை அந்தத் தம்பிக்கு நினைவூட்டினேன்.

2024 பிப்ரவரி 15 அன்று தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட் தலைமையிலான ஐந்து நீதிபதிகள் அமர்வு ஒருமனதாக இத்திட்டத்தை ரத்து செய்தது. கட்சிக்குப் பணம் கொடுப்பவர் யார் என்று அறிவது வாக்காளரின் தகவல் உரிமை என்றது. 7.5 விழுக்காட்டு வரம்பை எடுத்ததும் செல்லாது என்றது. விவரங்களைத் தர ஸ்டேட் வங்கி ஜூன் 30 வரை, அதாவது நாடாளுமன்றத் தேர்தல் முடியும் வரை அவகாசம் கேட்டது. மறுநாளே கொடுங்கள் என்று மார்ச் 11-இல் நீதிமன்றம் சொல்ல, கொடுத்தார்கள். நான்கு மாத வேலை ஒரு நாளில் முடிந்தது!

வெளிவந்த பட்டியலில் முதலிடம் பிடித்தது கோயம்புத்தூரைச் சேர்ந்த லாட்டரி நிறுவனம். ஃபியூச்சர் கேமிங் வாங்கிய பத்திரங்களின் மதிப்பு 1,368 கோடி ரூபாய். தமிழ்நாட்டில் லாட்டரிச் சீட்டு 2003 ஜனவரியிலேயே தடை செய்யப்பட்டது. தினக்கூலியைச் சீட்டில் தொலைத்த குடும்பங்களை நம்மில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்தத் தொழிலின் பணம் நம் மாநிலக் கட்சிக்கும் வந்தது. தி.மு.க. பெற்ற 656 கோடி ரூபாய்க்குச் சற்று மேற்பட்ட தொகையில் 509 கோடி இந்த ஒரே நிறுவனத்துடையது. இதைத் தி.மு.க.வே ஆணையத்திடம் பெயரோடு சொன்னது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். பெரிய கட்சிகள் பலவும் அதைச் செய்யவில்லை. மிக அதிகமாகப் பெற்ற பாரதிய ஜனதா கட்சி, கொடுத்தவர் பெயரைக் குறித்துவைக்கச் சட்டம் சொல்லவில்லை என்றது. ஐக்கிய ஜனதா தளம் சொன்ன பதில் கதைபோல் இருந்தது: பாட்னா அலுவலகத்துக்கு யாரோ வந்து ஓர் உறையைக் கொடுத்தாராம், பிரித்துப் பார்த்தால் 1 கோடி ரூபாய்ப் பத்திரங்கள் பத்து இருந்தனவாம். நம் பங்கில் உண்டியலில் 500 ரூபாய்த் தாள் ஒன்று கூடுதலாக விழுந்தாலே யார் நேர்ச்சை என்று கோயில்பிள்ளை விசாரித்துவிடுவார். மார்க்சிஸ்ட் கட்சி பத்திரம் பெற மறுத்ததோடு வழக்கும் தொடுத்தது.

யார் எதற்காகக் கொடுத்தார்கள் என்பது வேறு கேள்வி. பட்டியல் பெயரைத்தான் சொல்லும், நோக்கத்தைச் சொல்லாது. நோக்கத்தைத் துருவச் சிறப்புப் புலனாய்வுக் குழு வேண்டும் என்ற மனுக்களை 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை.

நம்மைப் போன்றவர்களை நேரடியாகத் தொடும் பகுதி இன்னொன்று உண்டு. அதைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. 2014 மார்ச் 28 அன்று தில்லி உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்பளித்தது. பிரிட்டனின் வேதாந்தா குழுமத்துக்குச் சொந்தமான இந்திய நிறுவனங்களிடமிருந்து காங்கிரசும் பாரதிய ஜனதாவும் பெற்ற பணம் அந்நிய நன்கொடை, அது சட்டமீறல் என்பதே அது. அந்நிறுவனங்களில் ஒன்று ஸ்டெர்லைட். தூத்துக்குடி மக்களுக்கு அந்தப் பெயரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் நடவடிக்கைக்குப் பதிலாகச் சட்டம் மாறியது. வெளிநாட்டுப் பங்கு அனுமதிக்கப்பட்ட வரம்புக்குள் இருந்தால் அந்த நிறுவனம் அந்நிய மூலம் ஆகாது என்று 2016-இல் திருத்தினார்கள். 2018-இல் அதை 1976 ஆகஸ்ட் வரை பின்தேதியிட்டு நீட்டினார்கள். 2018 மார்ச்சில் மக்களவையில் அது விவாதமின்றி நிறைவேறியது. மோட்டார் வாகனம் போன்ற துறைகளில் 100 விழுக்காடு அந்நிய முதலீட்டுக்கு அனுமதி உண்டு. ஆகவே ஒரகடத்தில் கொடி பறக்கும் எந்த வெளிநாட்டு நிறுவனத்தின் இந்தியக் கிளையும் கட்சிகளுக்குக் கொடுக்கச் சட்டத்தில் தடையில்லாமல் போனது. இன்னார் கொடுத்தார் என்று நான் சொல்லவில்லை; கதவு திறந்திருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன்.

அதே சட்டம் தொண்டு நிறுவனங்களுக்கு எப்படி இறுகியது? 2020 செப்டம்பர் திருத்தத்துக்குப் பிறகு, ஒரு கிராமத்துக் காசநோய் மருந்தகத்துக்கு வெளிநாட்டிலிருந்து வரும் உதவிகூடத் தில்லியிலுள்ள ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில்தான் வந்து சேர வேண்டும். நிருவாகச் செலவு 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. ஒரு தொண்டு நிறுவனம் இன்னொன்றுக்கு அதைப் பகிர்ந்து கொடுக்கவும் கூடாது. 2021 கிறிஸ்துமஸ் அன்று அன்னை தெரசா சபையின் உரிமம் புதுப்பிக்க மறுக்கப்பட்டு, சில நாட்களில் திரும்பக் கிடைத்தது நினைவிருக்கும். கணக்குக் கேட்பதைக் குறை சொல்லவில்லை; தொண்டு நிறுவனங்களில் தவறு செய்தவர்களும் உண்டு, நம்மவர்களும் அதில் அடக்கம். ஆனால் ஒரே வங்கி. மருந்தகத்தின் பணம் ஒளிவுமறைவின்றித் தெரிய அந்த வங்கி. கட்சியின் பணம் ஒளிந்து செல்லவும் அதே வங்கி.

தொழிற்சங்கங்களையும் எண்ணிப் பாருங்கள். 1926-ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டமே, அரசியல் செலவுக்கான நிதியைச் சங்கம் தனியாக வைக்க வேண்டும், எந்த உறுப்பினரையும் அதற்குக் கொடுக்கக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று வகுத்தது. சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் 2024-இல் 37 நாட்கள் வேலைநிறுத்தம் செய்து, 2025 ஜனவரியில்தான் தங்கள் சங்கத்தின் பெயரைப் பதிவேட்டில் ஏற்ற முடிந்தது. தொழிலாளியின் பத்து ரூபாய்ச் சந்தாவுக்குப் பதிவேடும் தணிக்கையும் உண்டு. அவனுடைய உழைப்பில் பிறந்த லாபத்திலிருந்து ஒரு கட்சிக்குப் போன கோடியை மட்டும் ஆண்டறிக்கையில் தேடினாலும் அவன் கண்டிருக்க முடியாது.

பத்திரம் ஒழிந்தது, பணம் ஒழியவில்லை. 2013-இல் வந்த தேர்தல் அறக்கட்டளைகள் வழியாக இப்போது அது போகிறது. 2024-25 நிதியாண்டில் அவ்வழியே கட்சிகளுக்குச் சென்ற தொகை 3,800 கோடி ரூபாயைத் தாண்டியது. அதில் மிகப் பெரும் பங்கு மத்தியில் ஆளும் கட்சிக்கே. இங்கே கொடுத்தவர் பெயரும் தெரியும், பெற்ற கட்சியின் பெயரும் தெரியும். ஆனால் பலருடைய பணம் ஒரே பானையில் கலப்பதால் யாருடைய பணம் எந்தக் கட்சிக்கு என்பது பல நேரங்களில் தெரியாது. 20,000 ரூபாய்க்குக் கீழே கொடுப்பவர் பெயரைக் கட்சி ஆணையத்திடம் சொல்ல வேண்டியதில்லை என்ற பழைய ஓட்டையும் அப்படியே இருக்கிறது. வேட்பாளருக்குச் செலவு வரம்பு உண்டு, கட்சிக்குக் கிடையாது. ஆறு தேசியக் கட்சிகள் தகவல் உரிமைச் சட்டத்துக்கு உட்பட்டவை என்று மத்தியத் தகவல் ஆணையம் 2013 ஜூன் 3 அன்று ஆணையிட்டது. அதற்குக் கட்சிகள் பணியவில்லை. இந்த ஒன்றில் அவற்றிடையே வேற்றுமையே இல்லை. பக்கத்து இலங்கையில்கூட 2023-இல் ஒரு சட்டம் வந்து, தேர்தல் முடிவு வெளியான 21 நாட்களுக்குள் வரவு செலவு அறிக்கை தர வேண்டியுள்ளது.

கூட்டம் முடிந்து அந்தத் தம்பி தன் கைப்பேசியில் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தைத் திறந்தார். கட்சிகள் ஆண்டுதோறும் தரும் நன்கொடை அறிக்கைகள் அங்கே கிடைக்கின்றன. தான் வேலை செய்யும் ஆலையின் பெயரை ஒவ்வொரு பக்கமாகத் தேடிக்கொண்டிருந்தார். மாலை ஷிப்டுக்குக் கம்பெனி பஸ் வந்து நிற்கவே, மீதிப் பக்கங்களை அடுத்த ஞாயிறு பார்ப்பதாகச் சொல்லிவிட்டு ஓடினார்.