ஷெர்பாக்கள் மலையேறப் பிறந்தவர்கள் அல்லர்

எவரெஸ்ட்டில் ஏறும் பருவம் ஏப்ரலில் சூடுபிடித்து மே கடைசியில் முடிந்துவிடும். உச்சியை ஓயாமல் அறையும் ஜெட் காற்று மே நடுவில் வடக்கே விலகும். கிடைக்கும் அந்தச் சில நாட்களுக்குள் ஏறி இறங்கியாக வேண்டும். ஒவ்வொரு பருவத்திலும் உச்சியில் கொடி பிடித்த படங்கள் வரும். கூடவே ஒரு நம்பிக்கையும் தவறாமல் வரும்: "ஷெர்பாக்கள் மலைக்கென்றே பிறந்தவர்கள், அவர்களுக்கு இதெல்லாம் சாதாரணம்." கேட்கப் பாராட்டு போல இருக்கிறது. உண்மையில், ஒரு சமூகத்தின் உழைப்பையும் உயிரையும் மலிவாக்கும் பேச்சு இது.

முதலில் வரலாறு. சுமார் 500 ஆண்டுகளுக்கு முன் திபெத்திலிருந்து வந்து நேபாளத்தின் கும்பு பள்ளத்தாக்கில் குடியேறியவர்கள் ஷெர்பாக்கள். பார்லி பயிரிட்டார்கள், பிறகு உருளைக்கிழங்கு விளைவித்தார்கள், யாக் மேய்த்தார்கள், நாங்பா லா கணவாய் வழியே திபெத்தோடு வணிகம் செய்தார்கள். சிகரம் ஏறும் வழக்கம் அவர்களிடம் இல்லவே இல்லை. எவரெஸ்ட் அவர்களுக்குத் தெய்வம் குடியிருக்கும் இடம். டார்ஜிலிங்கில் பிரிட்டிஷ் பயணக் குழுக்கள் கூலிக்கு ஆள் எடுத்தபோதுதான் மலையேற்றம் அவர்கள் வாழ்வில் நுழைந்தது. 1950-களின் இறுதிக்குப் பின் திபெத் எல்லை இறுகி வணிகம் நொடித்தது. மலை வேலை பிழைப்பாயிற்று. பிறவிக் குணம் என்று நாம் சொல்வது, வேறு வழி அடைபட்டவர்கள் ஏற்றுக்கொண்ட தொழில்.

"அவர்கள் உடலே வேறு" என்பது அடுத்த வாதம். இதில் ஓரளவு உண்மை உண்டு. ஷெர்பாக்களின் உடல் குறைந்த ஆக்ஸிஜனைச் சிக்கனமாகப் பயன்படுத்துகிறது என்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் மலையில் சாவு வரும் வழிகள் பல. பனிச்சரிவும் பனிப்பிளவும் யாருடைய ரத்தத்தையும் சோதித்துப் பார்த்துவிட்டு விழுங்குவதில்லை. ஆக்ஸிஜன் சிலிண்டர் இல்லாமலும் உச்சி தொட்ட பாபு சிரி ஷெர்பா, 2001-இல் பனிப்பிளவில் விழுந்து இறந்தார். எந்த மரபணு அவரைக் காத்தது?

அபாயம் எப்படிப் பங்கிடப்படுகிறது என்பதைக் கும்பு பனியருவியில் காணலாம். அடிவார முகாமுக்கும் முதல் முகாமுக்கும் நடுவே, வீடளவு பனிப்பாளங்கள் எந்நேரமும் சரியக் காத்திருக்கும் இடம் அது. வெயில் ஏறினால் பனி இளகும் என்பதால் நள்ளிரவு தாண்டியதுமே புறப்படுகிறார்கள். நெற்றி விளக்கு வெளிச்சத்தில், பிளவின் மேல் கிடக்கும் அலுமினிய ஏணியில், காலணியின் இரும்புப் பற்களைப் படிக்குப் படி பொருத்தி, முதுகில் கூடாரமும் சிலிண்டரும் கயிறுமாகக் கடக்கிறார்கள். அந்த ஏணிகளைப் போடுவதும் ஷெர்பாக்களே. அந்த வேலையைச் செய்பவர்களை 'ஐஸ்ஃபால் டாக்டர்' என்கிறார்கள். பணம் கட்டி வருபவர் இந்த வழியைச் சில முறை கடப்பார். அவருடைய சுமையைத் தூக்குபவர் ஒரே பருவத்தில் இருபது முறைக்கு மேல்கூடக் கடப்பார். இந்தக் கணக்குக்கும் பிறவிக்கும் சம்பந்தமில்லை. இது வேலைப் பங்கீடு.

2014 ஏப்ரல் 18 காலையில் அங்கே பனி சரிந்து 16 நேபாளத் தொழிலாளர்கள் இறந்தார்கள். அரசு முதலில் அறிவித்த நிதி, குடும்பத்துக்கு 40,000 நேபாள ரூபாய். அன்றைக்குச் சுமார் 400 டாலர். ஷெர்பாக்கள் கொதித்து எழுந்தார்கள், மலையேற மறுத்தார்கள், தெற்குப் பக்கத்தில் அந்தப் பருவமே ஏறக்குறைய நின்றுபோனது. அதன் பிறகுதான் கட்டாயக் காப்பீடு 15 லட்சம் ரூபாயானது. சாவு அவர்களுக்குச் சாதாரணம் என்றால் எதற்காக அந்தக் கோபம்?

இந்த அநீதி எவரெஸ்ட்டின் தொடக்கத்திலிருந்தே உண்டு. 1922 ஜூன் 7 அன்று வடக்குப் பக்கத்தில் பனிச்சரிவில் ஏழு சுமைதூக்கிகள் மாண்டார்கள். உடனிருந்த பிரிட்டிஷார் அனைவரும் பிழைத்தார்கள். அவர்களில் ஒருவர் அறுவை மருத்துவர் ஹோவர்ட் சாமர்வெல். பின்னர் இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து நெய்யூர் மருத்துவமனையில் பல்லாண்டுகள் பணியாற்றியவர். தங்களில் ஒருவரும் சாகாமல் சுமந்தவர்கள் மட்டுமே செத்தது அவரை உறுத்தியது. அதை எழுதியும் வைத்தார். நூறாண்டுக்கு முன் ஒருவரை உறுத்தியது இன்று நம்மை உறுத்தாமல் இருப்பதற்கு 'மலைக்கென்றே பிறந்தவர்கள்' என்ற நம்பிக்கைதான் காரணம்.

"நல்ல சம்பளம், விரும்பித்தானே போகிறார்கள்" என்பார்கள். நேபாளக் கணக்கில் நல்ல வருமானம்தான். ஆனால் எவரெஸ்ட்டில் 21 முறை ஏறிய அபா ஷெர்பாவைப் பாருங்கள். தந்தையை இழந்து சிறுவயதிலேயே சுமை தூக்கப் போனவர், பிள்ளைகளின் படிப்புக்காக அமெரிக்காவில் குடியேறினார்; இன்று கும்பு பிள்ளைகளின் கல்விக்கு உழைக்கிறார். மலையை அவரைவிட அறிந்தவர் யார்? அவர் தேர்ந்தது பள்ளிக்கூடத்தை.

மாற்று வழியும் இருக்கிறது. 2024-இல் அடிவார முகாமுக்கும் முதல் முகாமுக்கும் இடையே ட்ரோனில் சிலிண்டர் ஏற்றிச் சோதித்தார்கள். அடுத்த பருவத்தில் வேலைக்கே பயன்படுத்தினார்கள். எந்திரம் தூக்கக்கூடியதை மனிதன் தூக்க வேண்டியதில்லை. வெளிநாட்டவரின் அனுமதிக் கட்டணம் 2025-இல் 11,000 டாலரிலிருந்து 15,000 ஆனது. அந்தப் பணத்தில் பனியருவிப் பயணங்களைக் குறைக்க முடியும், இறந்தவர் பிள்ளைகளைப் படித்து முடிக்கும்வரை தாங்க முடியும். இவை கருணையால் தர வேண்டியவை அல்ல, தொழிலாளியின் உரிமை. அந்த உரிமையைக் கேட்பவரிடம் "நீ மலைக்கே பிறந்தவன்" என்று சொல்லி வாயடைப்பதை நாம் முதலில் நிறுத்த வேண்டும்.