மக்கு யார்?

பிள்ளை பள்ளிக்குச் செல்கிறது. ஆண்டுகள் உருளுகின்றன. வாசிப்பு மட்டும் வரவில்லை! "மக்கு" என்கிறது ஊர். "மூளை மந்தம்" என்கிறார் ஆசிரியர். பெற்றவளோ பெருமூச்சு விட்டு, "எல்லாம் தலையெழுத்து" என்கிறாள். தலையெழுத்தாம்! எழுத்துக் கற்றுத் தராத பள்ளி தப்பித்துக்கொள்ள, தலையெழுத்து வந்து சாட்சி சொல்கிறது!

அமெரிக்க நாட்டிலே, மிச்சிகன் மாநிலத்து ஆன் ஆர்பர் நகரிலே, ஏழைத் தாய்மார் சிலர் பெருமூச்சோடு நிற்கவில்லை, தோழர்களே! வழக்குமன்றம் ஏறினார்கள்.

பல்கலைக்கழகம் விளங்கும் நகரம் அது. கற்றோர் நிறைந்த ஊர். அங்கே ஒரு தொடக்கப்பள்ளி. அதன் பெயர் என்ன தெரியுமா? மார்ட்டின் லூதர் கிங் பள்ளி! வாயிலிலே விடுதலை வீரனின் பெயர்; வகுப்பிலே, கறுப்பின ஏழைப் பிள்ளைகள் சிலருக்கு, "கற்கும் திறன் குறைந்தோர்" என்ற முத்திரை! 1977-ல் வழக்குத் தொடரப்பட்டது. 1979 ஜூலையில், 11 பிள்ளைகளின் வழக்கிலே நீதிபதி சார்லஸ் ஜாய்னர் தீர்ப்பளித்தார்.

அப்பிள்ளைகள் என்ன குற்றம் செய்தார்கள்? தாயிடம் கேட்ட மொழியைப் பேசினார்கள்! ஆங்கிலம்தான், ஆனால் கறுப்பின மக்களின் வீட்டு ஆங்கிலம். 'கோல்ட்' என்ற சொல் அவர்கள் நாவிலே 'கோல்' என்று ஒலிக்கும். சொல் தெரியாததாலா? இல்லை! சொல்லின் கடைசியில் இரண்டு மெய்கள் நெருங்கி நின்றால், ஒன்றை விட்டுவிடுவது அந்தப் பேச்சின் முறை. ஒருவன் இப்போது வேலை செய்கிறானா, அன்றாடம் வேலை செய்பவனா என்பதை 'பி' என்ற ஒரு சிறு சொல்லைச் சேர்த்தே பிரித்துக் காட்டும் நுட்பமும் அதற்கு உண்டு. இலக்கணம் உள்ள பேச்சு அது!

ஆசிரியருக்கு இது தெரியாது. பிள்ளை பொருள் உணர்ந்து வாசிக்கிறது. அவர் காதிலோ பிழை மட்டுமே விழுகிறது. நிறுத்து! திருத்து! திரும்பச் சொல்! பத்து முறை திருத்தினால், பிள்ளைக்குக் கதை மறந்துபோகும். நூறு முறை திருத்தினால், வாயே திறவாது. வாய் திறவாத பிள்ளைக்கு வழங்கப்படும் பட்டம்தான் 'மக்கு'!

மொழியறிஞர் வில்லியம் லபோவ் சாட்சியம் அளித்தார். பிள்ளைகளின் தரப்புக்குத் துணை நின்றார் ஜெனீவா ஸ்மிதர்மன் என்ற கறுப்பினப் பெண்மணி. அவரே, ஆசிரியராக வர விரும்பிய இளமையிலே, பேச்சுத் தேர்வில் தேறாதவர் என்று ஒதுக்கப்பட்டுத் திருத்தப் பயிற்சிக்கு அனுப்பப்பட்டவர்! திருத்தப்பட வேண்டியவர் என்று அன்று ஒதுக்கப்பட்டவர், பின்னர் பேராசிரியராக நின்று பள்ளியைத் திருத்தினார்.

நீதிபதி என்ன சொன்னார்? பிள்ளைகளின் மொழி தடையல்ல. அம்மொழியை அறியாமல், தம்மையும் அறியாமல், ஆசிரியர்கள் அதை ஒதுக்குகிறார்களே, அதுதான் தடை என்றார். பிள்ளைகளின் வீட்டு மொழியை ஆசிரியர்கள் அறிந்து, அந்த அறிவைக்கொண்டே வாசிக்கக் கற்பிக்க, 30 நாட்களுக்குள் திட்டம் தருமாறு பள்ளி வாரியத்துக்கு ஆணையிட்டார்.

"கொச்சை மொழியையா பாடமாக வைப்பது?" என்று கூக்குரலிட்டோர் உண்டு. தீர்ப்பைப் படிக்காதோர் போட்ட கூச்சல் அது! பொது ஆங்கிலத்தை வாசிக்கக் கற்பிப்பதே தீர்ப்பின் நோக்கம். சேர வேண்டிய கரை பொது ஆங்கிலம். ஆனால் படகு புறப்பட வேண்டியது பிள்ளை நிற்கும் கரையிலிருந்து. அங்கே படகை அனுப்பாமல், "நீந்தத் தெரியாதவன்" என்று ஏசுவது எந்த ஊர் நியாயம்?

நடக்கக் கூடியதா இது? நடந்தது! ஹவாய்த் தீவிலே, 1970-களில், மண்ணின் மக்களுடைய பிள்ளைகளுக்கென ஒரு திட்டம் எழுந்தது. ஒருவர் பேச்சோடு மற்றவர் பேச்சைக் கோத்து, கூடிக் கதை பேசுவது அம்மக்களின் வழக்கம். "ஒருவர் பின் ஒருவராகப் பேசு" என்று அடக்காமல், அந்த வழக்கத்தையே வாசிப்பு வகுப்பிலும் அனுமதித்தார்கள். முதலில் பிள்ளை தன் வாழ்வில் கண்டதைச் சொல்லும். பிறகு பாடத்தை வாசிக்கும். பின்னர் இரண்டையும் இணைத்துப் பேசும். கேத்ரின் ஆவ் என்ற ஆய்வாளர் இரண்டு ஆசிரியைகளின் வகுப்புகளை ஒப்பிட்டுப் பார்த்தார். அடக்கிய வகுப்பைவிட, கூடிப் பேச விட்ட வகுப்பிலேதான் பாடத்தை ஒட்டிய பேச்சு மிகுந்திருந்தது!

உழைக்கும் தோழனே! அலுத்துக் களைத்து வீடு திரும்பும் வேளையிலே, உன் பிள்ளை "எனக்குப் படிப்பு வரவில்லை" என்று தலைகுனிந்து நின்றால், கை ஓங்காதே. தலையெழுத்தின்மேல் பழி போடாதே. பள்ளிக்கு நடந்து செல். பணிவோடு, ஆனால் நிமிர்ந்து நின்று, அந்த ஆன் ஆர்பர் தாய்மார் கேட்ட கேள்வியைக் கேள்: "ஐயா, என் பிள்ளைக்கு உங்கள் பாடம் தெரியவில்லை என்கிறீர்கள். என் பிள்ளையின் பேச்சு உங்களுக்குத் தெரியுமா?"