பழைய பாஷைக்குப் புதிய வகுப்பு

கம்ப்யூட்டர் உலகத்தில் ஐந்து வருஷம் கழிந்தாலே ஒரு வித்தை பாட்டன் காலத்தியதாகி விடுகிறது. அப்படியிருக்க, 1959-ல் அமெரிக்காவில் வகுக்கத் தொடங்கிய 'கோபால்' என்னும் பாஷைக்குச் சென்னையில் இன்று வகுப்பு நடக்கிறதென்றால் நேயர்கள் நகைக்கக்கூடும். (நம் ஊர்க் கோபாலனுக்கும் இதற்கும் யாதொரு சம்பந்தமுமில்லை.) நான் உத்தியோகம் பார்க்கும் ஸ்தாபனத்தில் பத்து நாள் நடந்த அவ்வகுப்பில் அடியேனும் ஒரு மாணாக்கன்.

பழைய முறைப்படி எழுதிய கோபாலில் வரிக்கு 80 கட்டங்கள். முதல் 6 கட்டமும் வரி எண்ணுக்கு. 7-வது கட்டத்தில் நட்சத்திரமிட்டால் அவ்வரி வெறும் குறிப்பு, யந்திரம் அதைத் தொடாது. கடைசி 8 கட்டமும் அடையாளத்துக்கு. ஏன் இவ்வளவு மடி ஆசாரம்? அக்காலத்தில் கட்டளைகளை அட்டைகளில் துளையிட்டு யந்திரத்துக்கு ஊட்டினார்கள். அட்டைக் கட்டு கை தவறிச் சிதறினால், மறுபடி வரிசையாக அடுக்க எண்கள் வேண்டுமல்லவா? அட்டைகள் போய் வெகு காலமாயிற்று. ஆசாரம் மட்டும் போகவில்லை.

'கூட்டு', 'கழி', 'நகர்த்து' என்று ஆங்கில வாக்கியமாகவே இதில் எழுதவேண்டும். கணிதச் சின்னங்கள் அறியாதவர்க்கும் விளங்கவேண்டுமென்று கிரேஸ் ஹாப்பர் என்ற கடற்படை மாது வாதாடியதன் பலன் அது. முற்றுப்புள்ளியும் உண்டு. ஒரு புள்ளி முன்னால் விழுந்துவிட்டால், சிலருக்கு மட்டும் உரிய பிடித்தம் எல்லோர் சம்பளத்திலும் விழுந்துவிடும்!

"இதைப் படித்து என்ன ஆகப்போகிறது, ஸார்?" என்று ஓர் இளைஞர் கேட்டார்.

"தம்பி, 2020 ஏப்ரலில் நடந்ததைக் கேளுங்கள்" என்றார் ஆசிரியர். கொள்ளை நோயால் வேலையிழந்தோர் லட்சக்கணக்கில் நிவாரணம் கோரியபோது, அமெரிக்காவின் நியூ ஜெர்ஸி மாகாணத்தில் 40 வருஷத்துக்கு மேற்பட்ட கம்ப்யூட்டர்கள் திணறின. கோபால் தெரிந்தவர்கள் உதவ முன்வரவேண்டுமென்று கவர்னர் பில் மர்ஃபி பகிரங்கமாகவே வேண்டிக்கொண்டார். அடுப்பெரியாத வீடுகள் அல்லவா அந்தப் பணத்துக்குக் காத்திருந்தன?

எங்கள் ஆசிரியரும் இதே ஸ்தாபனத்தில் முப்பது வருஷம் உழைத்தவர்தாம். "பழைய வித்தை இனி வேண்டாம்" என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டு, இப்போது நாட்கணக்கில் கூலி பேசி அழைத்திருக்கிறார்கள். பாஷையைப் பத்து நாளில் கற்கலாம். எந்த வரியை எதற்காக எழுதினார்கள் என்பது அவருக்கல்லவா தெரியும்! மூன்று இளைஞர்களை ஒரு வருஷம் அவர் பக்கத்தில் உட்கார வைக்கவேண்டுமென்று நிர்வாகிகளுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.