விடுதி அறைக்குள் எட்டாத அலை

இரவு ஒன்பது மணிக்குமேல் பல பல்கலைக்கழக விடுதிகளின் மாடிப்படிகளும் மொட்டைமாடிகளும் தொலைபேசிக் கூடங்களாகிவிடுகின்றன. அறைக்குள் அலைபேசி ஊமையாகிவிடுவதால், வீட்டாரோடு பேசவும் வங்கியின் ஓடிபியைப் பெறவும் மாணவர்கள் வெளியே வரவேண்டியிருக்கிறது. இந்நிலையில் ஒரு தளத்து மாணவர்கள் பணம் திரட்டி 'சிக்னல் பூஸ்டர்' வாங்க முனைவது இயல்பே. எந்தப் பூஸ்டர் நல்லது என்பதே அவர்களின் கேள்வி. இந்தியாவைப் பொறுத்தவரை அந்தக் கேள்வியே பிழையானது.

முதற்காரணம் சட்டம். உரிமம் பெற்ற தொலைத்தொடர்பு நிறுவனங்களைத் தவிர வேறெவரும் இக்கருவியை வைத்திருப்பதும் விற்பதும் பயன்படுத்துவதும் சட்டவிரோதம் என்று தொலைத்தொடர்புத் துறை 2022 ஜூலையில் தெளிவுபடுத்தியது. உரிமமின்றிக் கம்பியில்லாக் கருவி வைத்திருப்பதை 1933ஆம் ஆண்டுச் சட்டமே தடைசெய்திருந்தது. 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்திலும் அந்த அடிப்படை மாறவில்லை. இணையத்தில் காணப்படும் 'வாங்கும் வழிகாட்டி'களுள் பல அமெரிக்க வாசகருக்கானவை. அங்கே 2013இல் வகுக்கப்பட்ட விதிகளின்படி, சான்றிதழ் பெற்ற கருவியைச் சேவை நிறுவனத்தின் இசைவோடும் பதிவோடும் பயன்படுத்தலாம். அந்த அறிவுரை இங்கே பொருந்தாது.

யாருக்கும் தீங்கில்லாத ஒன்றைத் தடுப்பானேன் என்று கேட்கலாம். தீங்கு உண்டு என்பதே விடை. வெளியிலுள்ள ஆன்டெனா பெறும் அலையைப் பெருக்கி உள்ளே பரப்புவதும், உள்ளிருக்கும் அலைபேசியின் அலையைப் பெருக்கிக் கோபுரத்துக்கு அனுப்புவதுமே பூஸ்டரின் வேலை. 60 டெசிபெல் பெருக்கம் என்றால் ஆற்றல் பத்து இலட்சம் மடங்காகிறது. அலையோடு இரைச்சலும் அதே அளவுக்குப் பெருகுகிறது. 'பூஸ்டர்' என்னும் பெயர் இந்த இரண்டாம் பாதியை மறைத்துவிடுகிறது. இரு ஆன்டெனாக்களும் போதிய இடைவெளியின்றி அமைந்தால், ஒலிபெருக்கியின் முன் மைக்கை நீட்டும்போது எழும் கீச்சொலியைப்போல, கருவி தன் அலையையே மீண்டும் மீண்டும் பெருக்கத் தொடங்கும். அவ்விரைச்சல் கோபுரத்தின் செவியை அடைத்துவிட, அடுத்த தெருவிலிருந்து ஆம்புலன்ஸை அழைப்பவரின் குரலும் அதில் மூழ்கக்கூடும். ஓர் அறையின் வசதிக்கு ஒரு வட்டாரமே விலை கொடுக்கிறது.

அவ்வாறாயின் செய்யத்தக்கது யாது? முதலில் அளக்க வேண்டும். ஆண்ட்ராய்டு அலைபேசிகளின் அமைப்புப் பகுதியிலேயே அலையின் வலிமையை டிபிஎம் அளவில் காணலாம். 4ஜி அலை −80 அளவில் இருந்தால் நலம். −110க்கும் கீழே இறங்கினால் அழைப்பு நிலைப்பது அரிது. வாயிலில் வலிமையும் அறையில் மெலிவும் தெரிந்தால் குறை சுவரில் உள்ளது. இரண்டிடத்திலும் மெலிந்திருந்தால் குறை கோபுரத்தின் எட்டுதலில் உள்ளது. 2300 மெகாஹெர்ட்ஸ் அலையைவிட 850, 900 மெகாஹெர்ட்ஸ் அலைகள் கான்கிரீட்டை எளிதில் ஊடுருவுகின்றன. ஆகவே ஒரே அறையில் ஒரு நிறுவனத்தின் சிம் இயங்க, மற்றொன்று இயங்காமற்போவது வியப்பன்று.

உடனடித் தீர்வு வைஃபை அழைப்பு. ஏர்டெல் 2019 டிசம்பரிலும் ஜியோ 2020 ஜனவரியிலும் இதைத் தொடங்கின. ஆனால் எல்லா அலைபேசிகளிலும் இவ்வசதி இல்லை. விலை குறைந்த பழைய கருவி வைத்திருக்கும் மாணவர் மீண்டும் படிக்கட்டுக்கே போகவேண்டும். எனவே இதை அவரவர் பணப்பைக்கு விட்டுவிடுவது நியாயமன்று.

பொறுப்பு நிர்வாகத்துடையது. சேவை நிறுவனங்களை அழைத்து, கட்டடத்துக்குள் சிறு ஆன்டெனாக்களைப் பரப்பி அமைக்குமாறு கோரும் வலிமை நிர்வாகத்துக்கே உண்டு. கட்டடங்களை அவற்றின் இணைப்பு வசதிக்கேற்பத் தரவரிசைப்படுத்த டிராய் 2024இல் விதிமுறைகளை வெளியிட்டிருக்கிறது. குடிநீர், மின்சாரம்போல் அலையும் கட்டடத்தின் தகுதிகளுள் ஒன்றாகிவருகிறது. புதிய விடுதிக்கு வரைபடம் ஒப்புதல் பெறும்போதே இதைக் கேட்க வேண்டும்.

பூஸ்டருக்குத் திரட்டும் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அறைவாரியாக, நிறுவனவாரியாக அளவுகளைக் குறித்து ஓர் அட்டவணை ஆக்கி, அனைவரும் கையொப்பமிட்டு விடுதிக் காப்பாளரிடம் அளிக்கலாம். சான்றுகளோடு வாதிடப் பயிற்றும் நிறுவனம், தன் மாணவர்கள் கொண்டுவரும் சான்றுகளை எளிதில் புறந்தள்ள முடியாது.