பட்டியலும் பகற்பொழுதும்

தாயாருடன் கப்பற் பயணம் செல்லவிருக்கும் நண்பர் ஒருவர் என்னிடம் ஒரு பட்டியலைக் காட்டினார். உரோமாபுரியில் ஒரே பகலில் எட்டு இடங்கள்!

கணக்கைப் பார்ப்போம். கப்பல் நிற்பது உரோமிலன்று. ஏறத்தாழ 70 கிலோமீற்றர் தொலைவிலுள்ள சிவிற்றாவெக்கியாத் துறைமுகத்திலே. காலை 7 மணிக்கு வந்து மாலை 7 மணிக்குப் புறப்படும் கப்பலெனின், 12 மணித்தியாலம் உண்டென மகிழ்கிறோம். இறங்கவும், புகையிரதத்திற் போய்வரவும் நான்கு மணித்தியாலம் கழியும். கப்பலில் முன்னதாகவே ஏறிவிடல் வேண்டும். தனியே சென்று பிந்தியவருக்காக அது காத்திராது. தடங்கலுக்கும் சிறிது ஒதுக்கினால், எஞ்சுவது ஆறு மணித்தியாலமே. வத்திக்கான் நூதனசாலை ஒன்றே அதிற் பாதியை விழுங்கிவிடும்.

ஆதலின், திரும்பும் நேரத்தை முதலிற் கழித்து, ஓரிடத்தைத் தேர்ந்து அமைதியாகக் காண்பதே அறிவுடைமை. நடக்க இயலாதோர் துறைமுகத்திலேயே தங்கினும் குறைவில்லை. அதுவும் இரண்டாம் நூற்றாண்டில் திராயன் பேரரசன் அமைத்த துறையன்றோ!

“தாயாருக்கு வயதென்ன?” என்றேன்.

“எழுபத்திரண்டு.”

நண்பர் பேனாவை எடுத்து ஆறு இடங்களை வெட்டினார். எஞ்சிய இரண்டில் எதுவென்பதை அம்மாவிடமே கேட்கப்போகிறாராம்.