வெறும் வயிற்றோடு ஓடச் சொல்லாதீர்கள்!

கோழி கூவும் வேளையில் பாகூர் ஏரிக்கரைப் பக்கம் போனால் இளைஞர்கள் ஓடிக்கொண்டிருப்பதைக் காணலாம். காவலர் வேலைக்கான உடல் தகுதித் தேர்வை நம்பி ஓடுகிறவர்கள் சிலர். கபடிக் குழுவில் இடம் பிடிக்க ஓடுகிறவர்கள் சிலர். வில்லியனூர்ப் பக்கத்து கிராமங்களிலும் இதே காட்சிதான்.

அண்மையில் ஒரு நாள் காலை, அப்படி ஓடிய பையன் ஒருவன் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டான். "உனக்குத் தம் இல்லையடா!" என்று உடன் ஓடியவர்கள் கேலி செய்தார்கள். நான் அருகே போய், "காலையில் என்ன சாப்பிட்டாய், தம்பி?" என்று கேட்டேன்.

"ஒன்றும் இல்லை சார். வெறும் வயிற்றில் ஓடினால்தான் நல்லதாம்."

"நேற்று இரவு?"

அவன் பதில் சொல்லவில்லை; சிரித்தான். அந்தச் சிரிப்புதான் என்னை இதை எழுத வைத்தது.

வெறும் வயிற்றில் ஓட வேண்டும் என்ற யோசனை யாருக்குச் சொல்லப்பட்டது? தொந்தியைக் கரைக்க நடைபோடும் கனவான்களுக்கு! பட்டினியாக ஓடும்போது கொழுப்பு சற்று அதிகமாக எரிவது உண்மையே. ஆனால் எடை குறைவது, நாள் முழுவதும் என்ன தின்றோம், எவ்வளவு உழைத்தோம் என்பதைப் பொறுத்தது. கரைப்பதற்குத் தொந்தியே இல்லாத ஏழைப் பையனுக்கு இந்த உபதேசம் எதற்கு?

நாம் உண்ணும் மாவுச்சத்தில் ஒரு பகுதி ஈரலிலும் ஒரு பகுதி தசைகளிலும் சேமிக்கப்படுகிறது. இரவு தூங்கும்போது ஈரலின் சேமிப்பு வெகுவாகக் குறைந்துவிடுகிறது. இரவு வயிறார உண்டவன் காலையில் அரை மணி நேரம் மெதுவாக ஓடினால் கெடுதல் இல்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் பயிற்சி நீண்டாலோ, இரவும் அரைவயிறாகப் படுத்திருந்தாலோ, கால் தளரும், கண் இருளும். அது தம் இல்லாத குற்றமன்று. சோறு இல்லாத குற்றம்!

அதற்காக வயிறு முட்டத் தின்றுவிட்டு ஓடலாமா? கூடாது. உண்ட மயக்கம் தொண்டனுக்கும் உண்டு அல்லவா? செரிமானத்துக்காக வயிற்றுக்குப் போக வேண்டிய இரத்தத்தைத் தசைகள் இழுத்துக்கொள்ளும். குமட்டலும் வயிற்று வலியும் வரும். எண்ணெயில் பொரித்த பூரியும் வடையும் இன்னும் மோசம். அவை செரிக்க வெகுநேரம் ஆகும்.

முழுச் சாப்பாடு என்றால் 3 அல்லது 4 மணி நேரம் முன்பு. நாலு இட்லியோ கஞ்சியோ என்றால் ஒன்றரை மணி, இரண்டு மணி நேரம் முன்பு. விடியற்காலையில் அவ்வளவு அவகாசம் ஏது? ஓடுவதற்கு அரை மணி முன்பு ஒரு வாழைப்பழமும் ஒரு குவளைத் தண்ணீரும் போதும். ஒரு பழத்தில் சுமார் 25 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. நீரிழிவுக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுத்துக்கொள்பவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் வெறும் வயிற்றில் இறங்கவே கூடாது.

இது நம் பெரியவர்கள் அறியாததா? புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று பெயர் பெற்றது பாகூர். இங்கே ஏர் பிடித்தவர்கள் பழைய சோற்றையும் நீராகாரத்தையும் குடித்துவிட்டுத்தான் கழனியில் இறங்கினார்கள். பெருஞ்சோறு மதியத்தில், அதற்குப் பின் மரத்தடியில் சற்று ஓய்வு. மாவுச்சத்து, உப்பு, தண்ணீர் மூன்றும் அந்த ஒரு கலயத்தில் இருந்தன!

பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பதை நாம் எப்போதோ ஒப்புக்கொண்டோம். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் ஆட்சியிலேயே, 1930-இல், பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு தொடங்கிவிட்டது. தமிழ்நாட்டில் 2022 செப்டம்பர் 15 அன்று காலை உணவுத் திட்டமும் வந்தது. வகுப்பறைக்குப் பொருந்தும் நியாயம் விளையாட்டு மைதானத்துக்குப் பொருந்தாதா?

கொம்யூன் பஞ்சாயத்தாரையும், இளைஞர் மன்றத்தாரையும், ஊர்ப் பெரியவர்களையும் கேட்டுக்கொள்கிறேன்: கோப்பைக்கும் மாலைக்கும் செலவிடுவதில் ஒரு பங்கை எடுத்து, பயிற்சி நடக்கும் இடத்தில் தினமும் ஒரு தார் வாழைப்பழமும் ஒரு பானைத் தண்ணீரும் வையுங்கள். பயிற்சி தருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: விசிலை வாயில் வைக்கும் முன், வீட்டுக்கு வந்தவரிடம் நாம் முதலில் கேட்கும் கேள்வியை அந்தப் பையனிடமும் கேளுங்கள்.

"சாப்பிட்டாயா?"